குளியலறை ஹீட்டரும் குருட்டு நம்பிக்கைகளும்

அன்னாசியால் பெயர்பெற்ற பெக்கான் நானாஸில், ஆண்டிறுதி மழை விடாது பெய்யும் காலைகளில் மட்டுமே அருமை உணரப்படும் பண்டமாகக் குளியலறை ஹீட்டர் இருந்துவருவதால், அது பழுதுற்ற மாத்திரத்தில் பழையதைக் கழற்றிப் புதியதை அதே வயரில் பொருத்திவிட்டால் காரியம் முடிந்தது என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. சுவரில் மாட்டும் உடனடி ஹீட்டர் சாதாரணமாக 3.6 கிலோவாட் சக்தியுடையது. 230 வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் 15 ஆம்பியருக்கும் மேல். ஆதலின், 13 ஆம்பியர் பிளக்கில் ஏதோ விசிறியைச் செருகுவதுபோல அதைச் செருகுவோர், பிளக் கருகிய பின்னரே கணக்கு உணர்கின்றனர். அதற்கென்று தனி வயரும், தனி பிரேக்கரும், பதிவுபெற்ற வயர்மேன் ஒருவரின் கையும் அவசியம்.

‘பிரேக்கர் இருக்கிறது, ஷாக் அடிக்காது’ என்பது இதனினும் அபாயகரமான நம்பிக்கை. 20 ஆம்பியர் பிரேக்கர் காப்பது வயரையே. மனிதனின் இருதயத் துடிப்பைக் குலைக்க ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதுமாதலால், அவன் துடிப்பதை அந்தப் பிரேக்கர் அறியவே அறியாது. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள், தரை ஈரமாகும் இடங்களுக்கு 10 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈஎல்சிபியை வேண்டுவது இதனால்தான். வீட்டின் பிரதான பெட்டியில் உள்ள ஈஎல்சிபி இதற்கு ஈடாகாது, ஏனெனில் பல வீடுகளில் அதன் அளவு 100 மில்லியாம்பியர்.

இனி, எழுதும்போதே என் நிதானத்தைச் சற்றுக் குலைக்கும் விஷயம் ஒன்று. ஹீட்டரைப் போட்டதும் ஈஎல்சிபி விழுந்தால், கெட்டது ஈஎல்சிபிதான் என்று தீர்மானித்து, அதைத் தவிர்த்து நேரே வயரை இணைத்துக்கொள்வோர் உண்டு. குரைத்த நாயை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைத்து உறங்குவதற்கு ஒப்பான செயல் இது. வெப்பக்கம்பியின் உறை வெடித்து, மின்சாரம் தண்ணீரில் கசிகிறது என்பதே பெரும்பாலும் அதன் செய்தி. எர்த் வயர் செம்மையாக இருப்பின் கசிவு தோன்றிய கணமே இணைப்பு அறுபடும். எர்த் இல்லாத பழைய வீட்டிலோ, குளிப்பவரின் சரீரமே பூமிக்குப் பாதையாகும் வரை ஈஎல்சிபி காத்திருக்கும். ரப்பர்ச் செருப்பு இதைத் தடுக்கும் என்பாரிடம், ஈரச் சுவரிலும் குழாயிலும் கை படாமல் குளிக்க வல்லவரோ என்று கேட்கலாம். மாதம் ஒருமுறை ஈஎல்சிபியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கவேண்டும். அழுத்தியும் விழாவிட்டால், அதை மாற்றும் வரை பச்சைத்தண்ணீர் ஸ்நானமே உத்தமம்.

புதிய ஹீட்டர் போதிய சூடு தரவில்லை என்ற குறையும் அடிக்கடி கேட்கிறது. நிமிஷத்துக்கு 3 லிட்டர் ஓடும் நீரை 3.6 கிலோவாட் சக்தி சுமார் 17 பாகைதான் உயர்த்தும். 6 லிட்டர் ஓடினால் அதில் பாதி. குழாயைச் சற்று மூடினால் சூடு ஏறும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டியதில்லை.