நாமும் அறிவோம்: வாவிக்கரையில் விருந்தாளிக் குருவிகள்



பீலிக்கரைக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போது, மஞ்சள் வயிற்றுக் குருவி ஒன்று வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு கல்லுக்குக் கல் தாவுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் வாலாட்டிக் குருவி. புரட்டாதி, ஐப்பசியில் வரும். சித்திரை முடியத் தேடினால் இருக்காது. "அப்பாயி, அந்தக் குருவி எங்க போச்சு?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? அதுவே இன்றைய பாடம்.

ஏன் வருகின்றன, ஏன் போகின்றன?

இமயமலை, மொங்கோலியா, சைபீரியா போன்ற வடக்குப் பகுதிகளில் மாரி காலத்தில் தரை உறைந்துவிடும். புழு பூச்சி கிடைக்காது. ஆகவே குருவிகள் தெற்கே நம் நாட்டுக்கு வருகின்றன. பங்குனி, சித்திரையில் அங்கே பனி உருகி வசந்தம் பிறக்கும். பூச்சி பெருகும், பகல் நீளும். குஞ்சு வளர்க்க அதுதான் நல்ல காலம்.

எங்கே பார்க்கலாம்?

பதுளையிலிருந்து செங்கலடி வீதியால் இறங்கினால் மட்டக்களப்பு. அங்குள்ள வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கண்டல் மரம், பன் புல், பற்றை, வயல் எல்லாம் அதன் கரையில் உண்டு. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் விடியற்காலையில் எழுவான்கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெயில் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் நிறம் நன்றாகத் தெரியும்.

1. தகைவிலான்: வயலுக்கு மேலே பறந்தபடியே பூச்சி பிடிக்கும். கம்பியில் வரிசையாகக் குந்தும். வால் இரு கம்பிபோல் நீண்டிருக்கும், வயிறு வெளுப்பு. நம் தோட்டத்துக் கட்டடங்களில் கூடு கட்டும் குருவி வேறு. அதற்கு நீண்ட வால் இல்லை. அது எங்கும் போகாது.
2. பழுப்புக் கீச்சான்: கண்ணில் கறுப்புப் பட்டி கட்டியதுபோல் இருக்கும். பற்றை நுனியில் தனியே இருந்து கத்தும். தேயிலை மலையிலும் காணலாம்.
3. ஆறுமணிக்குருவி: பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் கொண்ட அழகி. காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூப்பிடுவதால் இந்தப் பெயர்.

பயணத்துக்குக் கட்டுச்சோறு

தகைவிலானின் எடை 20 கிராம் அளவுதான். புறப்படுமுன் இக்குருவிகள் பூச்சிகளை நிறையத் தின்று உடம்பில் கொழுப்பு சேர்க்கும். அதுதான் வழிச்சாப்பாடு. சிறு குருவிகளில் பல இரவில் பறக்கும். சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்த சக்தி ஆகியவற்றால் திசை அறியும். நம் முன்னோர் கடந்து வந்த மன்னார்ப் பக்கத்துக் கடலை இவையும் கடக்க வேண்டும்.

பங்குனியில் ஒரு பற்றையை எரித்தால், கண்டலை வெட்டினால், கட்டுச்சோற்றைப் பறித்ததாகிவிடும். மெலிந்த குருவி நடுக்கடலில் இறங்க இடமில்லை.

நாம் என்ன செய்யலாம்?

மரக்கறித் தோட்டத்தில் கண்டபடி மருந்தடிக்க வேண்டாம். பூச்சி உள்ள இடத்துக்கு மட்டும் அளவாக அடியுங்கள். பிள்ளைகள் கெட்டபோலால் குருவி அடிப்பதைத் தடுங்கள். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பெரும்பாலான பறவைகளைப் பாதுகாக்கிறது.

செய்து பாருங்கள்

லயத்துக் கலண்டரில், வாலாட்டியைக் கடைசியாகக் கண்ட நாளைப் பிள்ளையைக் கொண்டு குறிக்கச் சொல்லுங்கள். புரட்டாதியில் அது திரும்பி வந்த நாளையும் குறியுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்போது அப்பாயிக்குப் பிள்ளையே பதில் சொல்லும்.