ஹெர்ட்ஸ் கணக்கு

நொடிக்கு ஒரு அதிர்வு என்றால் 1 ஹெர்ட்ஸ். ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கினால் கிலோ, மெகா, கிகா. வைஃபை ரௌட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸும் 2400 மெகாஹெர்ட்ஸும் ஒன்றுதான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில் உள்ள லேபிளைப் பாருங்கள். அதில் இருக்கும் 50 ஹெர்ட்ஸ், வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அதிர்வெண். பலரும் அதை மோட்டாரின் வேகம் என்றே நினைக்கிறார்கள்! வேகத்தை ஆர்.பி.எம். என்று தனியாகப் போட்டிருப்பார்கள். அது நிமிடக் கணக்கு. 60-ஆல் வகுக்க வேண்டும். 18,000 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 300 சுற்று.

பழைய ரேடியோவில் சிற்றலை வரிசையை மீட்டரில் குறித்திருப்பார்கள். 300-ஐ அந்த மீட்டரால் வகுத்தால் மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். 25 மீட்டருக்கு ஏறத்தாழ 12. ரேடியோ அலை நொடிக்கு சுமார் 3 லட்சம் கி.மீ. போவதால்தான் அந்த 300.