வாங்கிப் போட்டா விலை ஏறுமா? பால்கோவா, ஒயின், பஞ்சு சொல்லும் கணக்கு

கடன் வாங்கி சரக்கு ஸ்டாக் வைக்கலாம்னு யோசிக்கிறீங்களா? முதல்ல இந்த மூணு பொருளைப் பாருங்க.

1. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா: 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. பேர் பெருசு, ஆயுள் சில நாள்தான். உடனே வித்தாத்தான் காசு.

2. பிரான்ஸின் போர்டோ சிவப்பு ஒயின்: உயர்ந்த ரகங்களில் உள்ள டானின் என்கிற துவர்ப்பு, பாட்டிலில் வருஷக்கணக்கில் மென்மையாகி சுவை கூடும். ஆனா எல்லா வருஷமும் ஒண்ணு இல்லை. 1982, 2005, 2010 பேர் வாங்கிய விளைச்சல்கள். 2013-ல் குளிரும் மழையும் கெடுத்துடுச்சு. 2010 ஒயினை 2011-ல் உச்ச விலைக்கு வாங்கியவங்கள்ல பலருக்கு நஷ்டம். சரக்கு அருமை, வாங்கிய விலைதான் தப்பு!

3. ராஜபாளையம் மில்லுக்குப் போகும் பஞ்சு: இதுவும் மழையைப் பொறுத்து வருஷத்துக்கு வருஷம் மாறும். இழை நீளம், மைக்ரோனேர் எல்லாம் வேறுபடும். ஆனா குடோன்ல கிடந்தா தரம் கூடாது. வட்டி மட்டும் கூடும்.

உதாரணத்துக்கு, ஒரு கேண்டி (356 கிலோ) ₹55,000-னு வச்சுக்குவோம். 12% வட்டியில வாங்கி 6 மாசம் வச்சா வட்டி ₹3,300. அப்போ ₹58,300, அதோட குடோன் வாடகை, இன்சூரன்ஸ், இதெல்லாம் தாண்டினாத்தான் லாபம்.

அதனால வாங்கும் முன்னாடி மூணு கேள்வி: வச்சிருந்தா தரம் கூடுமா? இன்னைக்கு விலை நியாயமா? வட்டியைத் தாண்டி ஏறுமா? பதில் தெளிவா இல்லைன்னா, கடன் வாங்கி ஸ்டாக் வைக்காதீங்க.

உங்க ஊர் சரக்குக்கு இந்தக் கணக்கைப் போட்டு கமெண்ட்ல சொல்லுங்க!