லோரியில் சாமான் ஏற்றும் முன்



அறுபது வயதாகி வேலையை விட்டதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. கெடாவில் முப்பது வருஷம் பால் வெட்டியவர், கிள்ளானில் இருக்கும் மகன் வீட்டுக்குப் புறப்படுகிறார். லோரியும் பேசியாச்சு. இரும்புக் கட்டில், அம்மி, ஆட்டுக்கல், தண்ணீர் டிரம், பித்தளைப் பாத்திரம், எதையும் விட்டுப்போக மனசு வராது. நியாயந்தான், வயிற்றைக் கட்டிச் சேர்த்த பொருள். ஆனால் அதோடு நோயும் ஏறிப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் விஷயம் மருந்து. பலர் மாத்திரையையும் ஏதோ ஒரு பெட்டிக்குள் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். போய்ச் சேர்ந்த பிறகு, "எந்தப் பெட்டியில வச்சேன்னு தெரியலையே" என்று மூன்று நாள் தேடுவார்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கொதிப்பு ஏறி, பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோய் விடலாம். இனிப்பு நீருக்கு இன்சுலின் போடுகிறவர்கள் அதை லோரியில் ஏற்றவே கூடாது, வெயில் சூட்டில் கெட்டுவிடும். மருந்து, கிளினிக் அட்டை, அடையாளக் கார்டு எல்லாம் உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

புறப்பட இரண்டு வாரம் முன்னதாகவே அரசாங்கக் கிளினிக்கில், "நான் மாநிலம் மாறிப் போறேன்" என்று சொல்லுங்கள். டாக்டரிடம் புது ஊர் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். மீதி மருந்தை அங்கேயே வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு. மருந்து கொடுக்கும் இடத்தில் 'ஸ்பப்' என்று கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்து, தண்ணீர் டிரம். காலியாகக் காய்ந்துதானே கிடக்கிறது என்று நினைப்போம். ஏடிஸ் கொசுவின் முட்டை டிரம்மின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே பல மாதம் உயிரோடு இருக்கும். புது வீட்டில் தண்ணீர் பிடித்ததும் பொரிந்துவிடும். பேரப்பிள்ளைகளுக்கு டிங்கிக் காய்ச்சலை நாமே கொண்டுபோகலாமா? உள்பக்கத்தைப் பிரஷ் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

கொல்லைப்புறத்தையும் ஒரு தடவை பாருங்கள். பழைய களைக்கொல்லி சோடா போத்தலில் கிடக்கலாம். பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை. அதைக் குடித்தவருக்கு மாற்று மருந்தே கிடையாது. அரிசி மூட்டையோடு அது லோரி ஏறக்கூடாது. கால்வாயில் ஊற்றாமல் தோட்டத்து ஸ்டோரில் ஒப்படையுங்கள்.

ஏற்றுகிற நாளில்தான் நம் ஆட்களுக்கு வீம்பு வந்துவிடும். "எத்தனை வாளி பால் தூக்கின உடம்பு இது!" தூக்கியது இருபத்தைந்து வயதில், ஐயா! முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பொருளை நெஞ்சோடு அணைத்து எழுந்திருங்கள். சுமையோடு இடுப்பைத் திருப்பாதீர்கள், காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். ஆட்டுக்கல்லை இளவட்டங்கள் தூக்கட்டும். மகன் வீடு லிப்ட் இல்லாத மாடியென்றால் அதைப் பக்கத்து வீட்டுக்கே கொடுத்துவிடலாம்.

தூக்கும்போது நெஞ்சு இறுகி, வேர்த்துக் கொட்டி, வலி கையிலோ தாடையிலோ இறங்கினால் "வாயுதான்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 999-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

புது வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் நடைவழியில் அடுக்கிவிடுகிறோம். இராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தவர், பழக்கமில்லாத இருட்டில் பெட்டி தடுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். அப்புறம் நடப்பதே சிரமம். ஆகவே முதல் நாள் இராத்திரிக்குள் கட்டிலிலிருந்து கழிவறை வரைக்கும் வழியைக் காலி செய்து, சின்ன விளக்கு ஒன்று போட்டு வையுங்கள். மற்றப் பெட்டிகளை அடுத்த வாரம் பிரித்தாலும் போதும்.