பகலில் தென்படும் சுண்டெலி

எலி இரவில் நடமாடும் பிராணி என்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். அது பட்டப்பகலில், ஆளரவம் கேட்டும் ஓடாமல், அடுக்களை மூலையிலோ குதிரின் அடியிலோ மயிர் சிலிர்த்துக் குறுகி உட்கார்ந்திருக்குமாயின், அதன் உடலில் ஏதோ கோளாறு நேர்ந்திருக்கிறதென்று கொள்ளலாம். இத்தகைய எலியை முதலில் காண்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகளே. ஓடாத எலியைக் குழந்தை கையில் எடுக்கிறது, தண்ணீர் புகட்டுகிறது, சட்டைப் பையில் வைத்துக் கொள்ளவும் துணிகிறது. அந்த இரக்கத்தைக் கடிந்துகொள்ள வேண்டுவதில்லை. கைதான் படலாகாது.

கண்டது சுண்டெலிதானா என்பதை முதலில் நோக்குக. நீண்ட மூக்கும் சிறு கண்களும் கொண்டு, சுவரோரமாகக் கீச்சிட்டுச் செல்வது மூஞ்சூறு. அதற்குப் பார்வை மந்தம். பகலிலும் சில வேளை வெளிவரும். அது எலி இனத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிகளைத் தின்று வாழ்வது. அதை நோயுற்ற எலியென்று எண்ணி அடித்துவிடுவோர் பலர்.

சுண்டெலியேயானால், அது விஷம் தின்றிருக்கக்கூடும். இக்காலத்தில் கடைகளில் விற்கும் எலிவிஷக் கட்டிகளிற் பல, இரத்தம் உறையாதபடி தடுப்பவை. தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் சோர்ந்து திரிந்து, உள்ளுக்குள் இரத்தம் கசிந்து மடியும். அந்த எலியைத் தின்னும் பூனைக்கும் நாய்க்கும், வயலுக்குப் பெருந்துணையான கூகைக்கும் அவ்விஷம் சேரும். ஆதலின் உமது வீட்டில் விஷம் வைக்காவிடினும், அண்டை வீட்டாரை வினவுதல் நன்று. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையோ இன்னும் கொடியது. அதற்கு மாற்று மருந்து கிடையாது, ஈரலை அழித்துவிடும். பற்பசையென்று எண்ணிப் பிள்ளைகள் வாயிலிட்டுவிடக்கூடிய அப்பொருளை வீட்டில் வைத்திருத்தலே தகாது.

விஷம் ஏதுமின்றி ஓரிரு நாட்களில் பல எலிகள் செத்துக் கிடப்பின், அது வேறு விஷயம். எலி விழுந்தால் ஊரைக் காலிசெய்து, வெளியிற் குடிசை போட்டுத் தங்கிய காலம் நம் நாட்டில் இருந்தது. 1896-ல் பம்பாயில் தோன்றிய பிளேக் உள்நாடெங்கும் பரவிற்று. எலியின் உடல் குளிர்ந்ததும் அதன் மேலுள்ள தெள்ளுப்பூச்சிகள் வேறு உடலைத் தேடி வெளியேறுகின்றன என்பதும், அவற்றின் கடியாலேயே நோய் மனிதரை அடைகிறதென்பதும், 1898-ல் கராச்சியில் சீமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் செய்த ஆராய்ச்சியால் துலங்கின. இந்நோய் இன்று மிக அரிது. எனினும் 1994-ல் சூரத்தில் நேர்ந்ததை நினைத்தால், அறவே மறந்துவிடத்தக்கதன்று. பல எலிகள் ஒருங்கே மடிந்தால் ஒன்றையும் தொடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைச் சுட்டுவது அவசியம். சோர்ந்த எலிதான் அபாயம், ஓடியாடும் எலியால் பாதகமில்லை என்று பலர் கருதுகின்றனர். எலிக்காய்ச்சல் கிருமியோ, நலமாய்த் திரியும் எலியின் சிறுநீரகத்திலும் குடியிருந்து, சிறுநீருடன் வெளிப்படுகிறது. காய்ந்த இடத்தில் அது விரைவில் மடியும். ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் பல நாள் வாழ்ந்து, காலின் வெடிப்பு வழியே உட்புகும். கொல்லைப்புறத்துச் சேற்றில் வெறுங்காலுடன் நடப்பவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, மூலையில் உட்கார்ந்திருக்கும் எலியை என்ன செய்வது? குழந்தைகளையும் பூனையையும் அப்புறப்படுத்தி, ஒரு தகர டப்பாவால் அதை மூடுக. அடியில் தடித்த அட்டையைச் செருகி அப்படியே வெளியே எடுத்து, நாயும் கோழியும் அணுகாத நிழலில் காற்றுப் புகும்படி வைக்கலாம். மறுநாள் தெளிந்து துள்ளினால் வீட்டுக்கு எட்டிய புறம்போக்கில் விட்டுவிடலாம். பெரும்பாலும் இரவுக்குள் இறந்துவிடும். நீரில் அமிழ்த்துவதும் நெருப்பிலிடுவதும் கொடுமை. இறந்ததைக் கையிற் பாலிதீன் பையை உறைபோல் மாட்டி எடுத்து, கிணற்றுக்குத் தொலைவில் இரண்டு அடிக்குக் குறையாத குழியில் புதைக்க வேண்டும்.

அது கிடந்த இடத்தை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்கலாகாது. தூசி மூக்கில் ஏறும். ஒரு லிட்டர் நீரில் 30 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். பிறகு சோப்பினால் கைகழுவுதல் சொல்லாமலே விளங்கும்.

கடித்துவிட்டால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். எலியால் வெறிநோய் வருவது மிக அரிது. ஆனால் எலிக்கடிக் காய்ச்சல் என்றொன்று உண்டு. கடியே இல்லாவிடினும், அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்சிவப்பு ஆகியவை தோன்றினால், எலியைத் தொட்ட செய்தியை மருத்துவரிடம் தாமே முன்வந்து சொல்ல வேண்டும். அவர் கேட்காமலிருக்கக்கூடும். ஆரம்பத்திலேயே அறிந்தால், எலிக்காய்ச்சல் எளிய மருந்துகளால் தீரும். மஞ்சட்காமாலை கண்டபின் சிறுநீரகமும் பழுதாகலாம்.

எலி வந்த வழியையும் அன்றே தேடுக. சுண்டுவிரல் நுழையும் துவாரம் சுண்டெலிக்குப் போதும். துணியும் மண்ணும் அடைத்தால் கொறித்துத் தள்ளிவிடும். இரும்புக் கம்பிவலையைத் திணித்து, அதன்மேல் சிமெண்டு பூசவேண்டும்.