இலையில் நோய், மணியில் இழப்பு

பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் கோதுமையை நவம்பரில் விதைத்து ஏப்ரலில் அறுவடை செய்வர். இவ்விடைக்காலத்தில் உழவர் பெரிதும் அஞ்சுவது துருநோயாகும். பூசணத்தால் உண்டாகும் இந்நோய் மஞ்சள் துரு, பழுப்புத் துரு, கருந்துரு என மூவகைப்படும்.

குளிரும் ஈரமும் மிகுந்த சனவரி, பிப்ரவரி மாதங்களில் மஞ்சள் துரு பரவுகிறது. இலைமேல் மஞ்சள் புள்ளிகள் வரிவரியாகத் தோன்றும். அவ்விலையை விரலால் தேய்த்தால் மஞ்சள் பொடி ஒட்டிக்கொள்ளும். அப்பொடியே பூசணத்தின் வித்துகள். காற்று அவற்றை வயல்விட்டு வயல் கொண்டு செல்லும்.

இலை நோயுற்றால் மணி சிறுப்பது ஏன்? கதிரோன் ஒளியின் துணையால் இலை ஆக்கும் உணவே மாவுச்சத்தாக மணியில் சேர்கிறது. கதிருக்குக் கீழே உள்ள கடைசி இலையைக் கண்ணாடி இலை என்பர். மணி முற்றுவதற்கு வேண்டிய உணவில் பெரும்பங்கை அளிப்பது அதுவே. துருநோய் இலையின் பச்சைப் பரப்பைக் குறைக்கிறது; எஞ்சிய இலை ஆக்கும் உணவையும் பூசணம் உறிஞ்சிக்கொள்கிறது; இலைத்தோல் வெடிப்பதால் நீரும் வீணாகிறது. ஆகவே, கதிர்கள் எண்ணிக்கையில் குறையாவிடினும், மணிகள் சூம்பி எடை குறைகின்றன. கதிர் வெளிவருமுன் நோய் தாக்கினால் இழப்பு மிகும்.

கோடையில் சமவெளியில் கோதுமை இராது. அப்போது துரு எங்கே வாழ்கிறது? ஆக்ராவில் பணியாற்றிய பேராசிரியர் கரம்சந்த் மேத்தா இவ்வினாவை ஆராய்ந்தார். குளிர்ந்த மலைகளில் வளரும் கோதுமையில் துரு தங்கி, காற்றின்வழி மீண்டும் சமவெளியை அடைகிறது எனக் கண்டறிந்தார். மஞ்சள் துருவுக்கு இமயமலையும், கருந்துருவுக்குத் தமிழ்நாட்டின் நீலகிரி, பழனி மலைகளும் உறைவிடமாகும். நீலகிரியின் வெலிங்டனில் இயங்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவன நிலையம், துருவைத் தாங்கி வளரும் கோதுமை வகைகளை உருவாக்கி வருகிறது.

எனினும், பூசணமும் மாறிக்கொண்டே இருக்கும். வடமேற்கு மாநிலங்களில் பரவலாக விளைந்த பி.பி.டபிள்யூ. 343 என்னும் வகை, பின்னர்த் தோன்றிய புதிய மஞ்சள் துருவுக்கு இரையாயிற்று. ஆதலால் ஒரே வகையை எங்கும் விதைத்தலாகாது. வயலைத் தவறாது பார்த்து, நோய் கண்டவுடன் மருந்து தெளித்தலும் இன்றியமையாதது.

அருஞ்சொற்பொருள்
சூம்புதல் – சுருங்கி மெலிதல்
உறைவிடம் – தங்குமிடம்
இன்றியமையாதது – மிகவும் தேவையானது

பயிற்சி
1. கண்ணாடி இலை நோயுற்றால் விளைச்சல் குறைவது ஏன்?
2. கோடையில் கருந்துரு எங்கே தங்குகிறது?
3. ஒரே வகைக் கோதுமையை எங்கும் விதைத்தலாகாது என்பதற்குக் காரணம் கூறுக.
4. பிரித்து எழுதுக: கருந்துரு, இவ்வினா.