உறவையே கொல்லும் பாக்டீரியா

பகையைக் கொல்வது உலக இயல்பு. உறவையே கொல்லும் உயிர் உண்டா? உண்டு! நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவில் சில வகைகள் அவ்வாறு செய்கின்றன. 1925-ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டு அறிஞர் ஆந்த்ரே கிராசியா இதனைக் கண்டறிந்தார். ஓர் ஈ.கோலை வகை சுரந்த பொருள் மற்றோர் ஈ.கோலை வகையைக் கொன்றது. அப்புரதமே கோலிசின். இத்தகைய புரதங்களைப் பாக்டீரியோசின்கள் என்கிறோம்.

வைட்டமின் பி12-ஐ உள்ளே இழுக்கும் வாயில் ஒன்று ஈ.கோலையின் வெளிச்சவ்வில் உண்டு. சிலவகைக் கோலிசின்கள் அவ்வாயிலைப் பற்றிக்கொண்டே உள்ளே நுழைகின்றன. அதே வாயில் உள்ள உறவினம் மடிகிறது. அது இல்லாத தொலைவினம் தப்புகிறது. ஆனால், கோலிசினை வெளியேற்றப் பெரும்பாலும் அதை ஆக்கிய செல்லே உடைந்து மடிகிறது! அதன் சகோதர செல்களைக் காப்புப் புரதம் ஒன்று காக்கிறது.

பால் பாக்டீரியா ஒன்று தரும் நைசின் என்னும் பாக்டீரியோசின், பாலாடைக்கட்டி கெடாமல் காக்கப் பல நாடுகளில் பயன்படுகிறது.

ஆண்டிபயாடிக் மருந்துகள் பல, நோய்க்கிருமியோடு நல்ல பாக்டீரியாக்களையும் அழிக்கின்றன. அவற்றுக்கு அடங்காத கிருமிகளும் பெருகிவருகின்றன. குறித்த இனத்தை மட்டும் தாக்கும் பாக்டீரியோசின்கள் நாளை மருந்தாகுமா என்று அறிஞர்கள் ஆராய்கின்றனர். அதுவரை, இருக்கும் மருந்துகளை மருத்துவர் சொற்படி மட்டுமே உண்டு, அவற்றின் ஆற்றலைக் காப்போமாக!